யோசெப்பின் மிஸ் சுருக்கிய நாலு நாள்

எங்கள் தொலைபேசிக் கொம்பனியில் யோசெப்பின் மிஸ்ஸிடம் ஏச்சு வாங்காத ஒரே ஆள் வாசல் காவலாளிதான். அவருக்கும் காது கொஞ்சம் மந்தம் என்பதால், வாங்கினாரா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நான் வாங்கியது எனக்குத் தெரியும். யந்திரங்களும் அவற்றின் வட்டுகளும் என் பொறுப்பு. அந்த வட்டுகளில் குடியிருந்த தரவுத்தளம் அவருடைய பொறுப்பு. ஒரு வட்டு பழுதானால் நான் அதை வேண்டுமென்றே உடைத்துவிட்டதுபோல் பார்ப்பார். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். பகல் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து, அவர் கொண்டுவந்த மீன் குழம்பில் பாதியை நான் காலி செய்வதோடு சண்டை முடியும்.

அவர் கொட்டாஞ்சேனைக்காரர். தகப்பன் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு தட்டச்சுப் பழகி, எங்கள் கொம்பனியில் வாடிக்கையாளர் விபரங்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தார். பின்னேர வகுப்புகளுக்குப் போய்ப் படித்து, ஒவ்வொரு பரீட்சையாக எழுதி, கடைசியில் தரவுத்தளம் முழுவதற்கும் பொறுப்பாகிவிட்டார். கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை. தாய் தகப்பன் போன பிறகு தம்பி நோபேட்டை ஆளாக்கியது அவர்தான். நோபேட் ஓட்டோ ஓடினான். அக்காவின் முகத்தில் வரவேண்டிய சிரிப்பையும் சேர்த்து அவனே சிரித்துக்கொள்வான் போலிருக்கும்.

மிஸ்ஸிடம் ஒரு வழக்கம் இருந்தது. திரும்பப் பெற முடியாத கட்டளை எதையாவது கணினியில் அடித்துவிட்டால், உடனே விசையை அமுக்க மாட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் வாசகம் வாசிப்பதுபோல் அந்தக் கட்டளையை முதலில் இருந்து கடைசிவரை வாய்விட்டு வாசிப்பார். பிறகுதான் அமுக்குவார். பக்கத்தில் நிற்கிற எனக்குப் பொறுமை போய்விடும். ஒரு நாள் வாய் சும்மா இராமல் “ஆமென்” என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு மீன் குழம்பு கிடைக்கவில்லை.

தரவுத்தளம் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் எங்கள் சிம் அட்டை வைத்திருந்த அத்தனை பேரின் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அதற்குள் இருந்தன. எவர் எப்போது எந்த இலக்கத்துக்குப் பேசினார் என்பதும் வருடக்கணக்காகக் குவிந்து கிடந்தது. சமாதான காலமாக இருந்தால் அது வெறும் கொம்பனிக் கணக்கு. ஆனால் அது யுத்த காலம். கொழும்பில் தெருவுக்குத் தெரு சோதனைச்சாவடி. மறித்த ஆளிடம் போன் இருந்தால், அது யாருடைய பெயரில் இருக்கிறது என்று பொலிஸ் கேட்கும். சந்தேகம் வந்தால் எங்கள் கீழ்மாடியில் இருந்த ஒரு பிரிவுக்கு அழைப்பு எடுப்பார்கள். அங்கே ஷபீகா என்ற பெண்ணும் இன்னும் சிலரும் இருந்தார்கள். இலக்கத்தை அடித்து, பெயரைப் பார்த்து, மறுமொழி சொல்வார்கள். மறுமொழி சரியாக இருந்தால் மறித்த ஆள் வீட்டுக்குப் போவார். மறுமொழி வராவிட்டால், வரும்வரை உள்ளே இருப்பார்.

எங்களைப்போல் கொம்பனியில் வேலை செய்தவர்களின் வீடுகளில் இதில் இன்னுமொரு சிக்கல். ஊழியர்களுக்குக் குடும்பத்துக்கென்று சலுகை விலையில் சிம் அட்டைகள் தருவார்கள். எல்லாம் ஊழியரின் பெயரிலேயே பதியப்படும், பாவிக்கிறவர் இன்ன உறவு என்று பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும். எங்கள் வீட்டில் உம்மாவின் போனும் மச்சானின் போனும் என் பெயரில்தான். நோபேட்டின் போன் மிஸ்ஸின் பெயரில். நல்ல காலத்தில் அது சலுகை. சாவடியில் அது, “இந்தப் போன் ஏன் ஒரு பொம்பிளையின் பெயரில் இருக்கிறது” என்ற கேள்வி.

அந்தக் கேள்வியில் நோபேட் ஒருமுறை மாட்டியிருந்தான். முந்தின வருடம் தரவுத்தளத்தில் ஒரு திருத்தவேலைக்காகச் சனி, ஞாயிறு முழுக்க அதை மூடி வைத்திருந்தோம். மூடியது மிஸ்ஸின் கை. அந்தச் சனிக்கிழமைதான் நோபேட்டைத் தெற்கே காலி நகருக்குப் போகும் காலி வீதியில் மறித்தார்கள். பொலிஸ் கேட்டது, கொம்பனியிடம் மறுமொழி இல்லை. திங்கட்கிழமை காலை தரவுத்தளம் திறந்த பிறகே அவனை விட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வீதியில் கொள்ளுப்பிட்டியைத் தாண்டி ஒரு ஹயருக்கும், வாடகைச் சவாரிக்கும் போகவில்லை. கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, மருதானை, அவ்வளவுதான் அவனுடைய கொழும்பு. சிரிப்பும் குறைந்துவிட்டது.

மிஸ் இதை எனக்கு மட்டும்தான் சொன்னார், ஒரு பகல் சாப்பாட்டின்போது, சோற்றைப் பிசைந்துகொண்டு. அவனை உள்ளே வைத்திருந்தது தன்னுடைய வேலைதான் என்பதை அவனிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை என்றார். பிசைந்த சோற்றை அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டு தொடக்கத்தில் புதிய பதிப்புக்கு மாற வேண்டும் என்ற உத்தரவு வந்தது. நாங்கள் பாவித்த பழைய பதிப்பை விற்றவர்கள், இனி அதில் பிழை வந்தாலும் திருத்தித் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இது சில்லறைத் திருத்தவேலை அல்ல. உள்ளே இருப்பதை எல்லாம் பழைய பதிப்பில் இருந்து வெளியே எடுத்து, புதிய பதிப்புக்குள் திரும்ப ஏற்ற வேண்டும். வெளிநாட்டில் இருந்து வந்த ஆலோசகர்கள் கணக்குப் பார்த்து, நாலு நாள் மூட வேண்டும் என்றார்கள். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை அதற்குத் தோது என்றார்கள். அழைப்புகள் நிற்காது. காசு ஏற்றுவதும் பெயர் பார்ப்பதும் மட்டும்தான் நிற்கும்.

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். மிஸ் மட்டும் எழும்பி, சாவடியில் பிடிபடுகிறவனுக்கு நாலு நாள் என்றால் நாலு நாளும் கூண்டுதான் என்று சிங்களத்தில் சொன்னார். எங்கள் மனேஜர் குருநாகல்காரர், கெட்ட மனிதர் அல்ல. நாலு நாளைக் குறைக்க வழி இருந்தால் புத்தாண்டுக்கு முன் செய்து காட்டுங்கள், காட்டினால் அப்படியே செய்வோம் என்றார். ஆலோசகர்களும் மறுக்கவில்லை. நாலு நாள் கண்விழிக்க யாருக்குத்தான் ஆசை?

வழியை மிஸ் கண்டுபிடித்தது வெள்ளவத்தையில் ஒரு சிநேகிதிக்கு வீடு மாற உதவி செய்த அன்று. அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்த தமிழர்கள் அடிக்கடி வீடு மாறினார்கள். வீட்டுக்காரர் போகச் சொல்வார், அல்லது அந்த ஒழுங்கையில் படையினரின் சுற்றிவளைப்புக் கூடிவிடும். மாறி மாறிக் கைதேர்ந்த அந்தச் சிநேகிதி, கட்டில், அலுமாரி, பெட்டிகளை எல்லாம் முதல் கிழமையே புது வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். கடைசி நாளில் ஓட்டோவில் ஏற்றியது பாயையும் சமையல் பாத்திரங்களையும்தான். அதையும் நோபேட்தான் கொண்டுபோய் இறக்கியிருக்க வேண்டும், ஆனால் அவன் வெள்ளவத்தைப் பக்கம் வரமாட்டேன் என்றதால் வேறு ஓட்டோ பிடித்தார்களாம்.

திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்து நின்றார்.

“தாஸிம், போன வருஷம் ஆரோ ஆரோடயோ கதைச்ச கதை இனி மாறுமோ?”

மாறாது என்றேன்.

“பிறகு ஏன் அதையும் அண்டைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேணும்?”

அவ்வளவுதான் யோசனை. எங்கள் தரவுத்தளத்தில் பெரிய பாரமே பழைய அழைப்புகளின் பதிவுகள். மாத மாதமாகப் பிரித்து வைத்திருந்தோம். முடிந்த மாதத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. அவற்றை எல்லாம், பழைய பதிப்பு வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, முன்கூட்டியே புதிய யந்திரத்துக்கு ஏற்றிவிடலாம். புத்தாண்டன்று ஏற்ற வேண்டியது நடப்பு மாதமும், வாடிக்கையாளர் பெயர்களும், அவர்களுடைய மீதிக் காசும் மட்டும்தான்.

கேட்க இலகு. செய்து பார்த்தபோது முதல் ஒத்திகைக்கு ஒரு பகல் போதவில்லை. ஏற்றுவதைவிட, ஏற்றியதைத் தேடுவதற்கான சுட்டிகளை உருவாக்குவதில்தான் நேரம் போனது. ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று வரிசையில் நின்றன. மிஸ் பெரியவற்றை முதலிலும் சின்னவற்றை அவற்றோடு பக்கத்தில் பக்கத்திலுமாக ஒரே நேரத்தில் ஓட விட்டார். என்னுடைய வட்டுகள் முனகத் தொடங்கின. நான் வாசிக்கும் வட்டு வேறு, எழுதும் வட்டு வேறு என்று பிரித்துக் கொடுத்தேன். அதற்கு நன்றி சொல்லவில்லை, முதலே செய்திருக்கலாமே என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் ஒத்திகைக்கு ஒத்திகை நேரம் குறைந்துகொண்டு வந்தது. கடைசியில், காலையில் தொடங்கினால் மத்தியானத்துக்குள் முடிகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். நாலு நாள் ஒரு காலைப்பொழுதாகச் சுருங்கியதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

ஒத்திகை நாட்களில் நாங்கள் இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுவோம். பொழுதுபட்டால் பஸ்ஸை மறித்து இறக்குவார்கள். அவருடைய அடையாள அட்டையில் இருந்த தமிழ்ப் பெயருக்கும், முஸ்லிம்கள் நிறைந்த மாளிகாவத்தை என்ற என்னுடைய விலாசத்துக்கும் கேள்வி அதிகம். அதனால் ஏற்றி முடித்து, எண்ணிக்கை சரிபார்த்து, பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். தேடிப் பார்க்கும் சோதனையை எப்போதும் அடுத்த நாள் காலையில் வந்து செய்வோம். இலக்கத்தை அடித்தால் கண் இமைப்பதற்குள் பெயர் வரும். இதில் குறை சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் கொம்பனியில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. சித்திரைக்குச் சிங்களவரும் சைவர்களும் வீட்டுக்குப் போவார்கள், வேதக்காரரான கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களான நாங்களும் வேலைக்கு வருவோம். நத்தாருக்கும் பெருநாளுக்கும் அவர்கள் எங்களுக்குத் தோள் கொடுப்பார்கள். எவரும் எழுதி வைத்த சட்டம் அல்ல, ஆனால் எவரும் மீறியதும் இல்லை. மனேஜர் குருநாகல் வீட்டில் பாற்சோறோடு இருந்தார். மேல்மாடியில் மிஸ்ஸும் நானும், கீழே ஷபீகா. மத்தியானம்வரை மறுமொழி தரமுடியாது, அதற்குப் பிறகு தருவோம் என்று பொலிசுக்கு முன்கூட்டியே அறிவித்திருந்தோம். மிஸ் முதல் நாள் பின்னேரப் பூசைக்கே போய்விட்டு வந்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு முதல் எல்லாம் முடிந்துவிடும், அதுவரை வெளியே போகக்கூடாது என்று நோபேட்டிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

எல்லாம் ஒத்திகையில் நடந்ததுபோலவே நடந்தது. பாரத்தை எல்லாம் முதலே அனுப்பிவிட்டதால், ஏற்ற வேண்டியது கொஞ்சம்தான். பழைய யந்திரத்தைத் தொடாமல் அப்படியே வைத்தோம், பிழைத்தால் திரும்பிப் போகலாம் என்று. பன்னிரண்டு அடிப்பதற்கு முன் எண்ணிக்கைகள் ஒத்துப்போயின. மிஸ் கடைசிக் கட்டளையை அடித்து, மடியில் கையை வைத்து, வாசித்து, அமுக்கினார். புதிய பதிப்பு திறந்துவிட்டது. நான் வீட்டில் இருந்து கொண்டுவந்த வட்டிலாப்பத்தை வெட்டினேன். மிஸ் ஒரு துண்டைக் கையில் எடுத்தபடி யன்னலுக்கு வெளியே, ஆளில்லாத வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தோள்கள் இறங்கியதைக் கண்டேன்.

வட்டிலாப்பம் முடியவில்லை, மனேஜர் போனில் வந்துவிட்டார். காசு ஏற்றுவது ஆமைபோல் போகிறதாம். புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல நாடே போனும் கையுமாக நிற்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் கணினியைப் பார்த்தோம். தரவுகள் எல்லாம் இருந்தன. சுட்டிகள் இருந்தன. ஆனால் ஒரு இலக்கத்தை அடித்தால் பெயர் வரவில்லை. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஒரு மணி தாண்டியும் காரணம் பிடிபடவில்லை.

“ஒண்டும் வெளங்கல்ல மிஸ். நேத்து வரைக்கும் பறந்திச்சே,” என்றேன்.

அப்போதுதான் ஷபீகா படியேறி வந்தாள். ஓடிவந்த மூச்சு. சாவடிகளில் இருந்து அழைப்புகள் வந்து குவிந்திருக்கின்றன, ஒன்றுக்கும் மறுமொழி வரவில்லை, பொலிஸ் போனில் கத்துகிறது என்றாள். பிறகு மிஸ்ஸைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“மிஸ், அதுல ஒண்டு ஒங்கட பேர்ல ஈக்கிற நம்பராம். பாவிக்கிறது தம்பி எண்டு சொல்றாராம். வெள்ளவத்தைக்கு அங்கால தெஹிவளைக்கு ஹயர் போய் வாற வழியாம்.”

மிஸ் கதிரையில் இருந்துவிட்டார். மேசையில் வைத்திருந்த வட்டிலாப்பத் துண்டைத் திரும்ப எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பழைய யந்திரத்துக்கே திரும்பிவிடுவோம் என்றேன். திரும்பினால், இதற்கிடையில் ஏறிய காசு எல்லாவற்றையும் சரிக்கட்டி முடியப் பொழுதுபட்டுவிடும் என்றார். அதுவரைக்கும் அவன் உள்ளே. பொழுதுபட்ட பிறகு ஒருவரையும் விடமாட்டார்கள், விடியத்தான்.

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். செபம் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

“நாங்கள் ஒருநாளாவது அண்டைக்கே தேடிப் பாத்தனாங்களோ?”

எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு தலையில் அடித்துக்கொண்டேன்.

புதிய பதிப்புக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு இரவும் தானாக எழும்பி, எந்த அட்டவணையில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு மதிப்பு எடுத்து வைத்துக்கொள்ளும். பகலில் ஒரு பெயரைக் கேட்டால், அந்த மதிப்பைப் பார்த்துத்தான் எந்த வழியால் தேடுவது என்று முடிவுசெய்யும். மதிப்பு கையில் இல்லாவிட்டால், பக்கத்தில் சுட்டி இருந்தாலும் அதைப் பாராமல் முதல் ஆளில் இருந்து கடைசி ஆள்வரை வாசித்துக்கொண்டே போகும். ஒத்திகையின்போது நாங்கள் இருட்டுக்குப் பயந்து வீட்டுக்குப் போனோம். அது இரவில் எழும்பித் தன் வேலையை முடித்து வைத்தது. காலையில் வந்து, எல்லாம் பறக்கிறது என்று நாங்கள் மகிழ்ந்தோம். இன்றைக்கு அது இன்னும் ஒரு இரவைக் காணவில்லை. சாவடிக்குப் பயந்து சீக்கிரம் வீட்டுக்குப் போனவர்கள் மட்டுமே விடக்கூடிய பிழை இது.

பிழை தெரிந்துவிட்டால் மருந்தும் தெரியும். அந்த மதிப்பை இப்போதே எடுக்கச் சொல்லலாம். ஆனால் எல்லா அட்டவணைக்கும் எடுத்தால் நடுச்சாமம் தாண்டும். ஒன்றை முதலில் எடுக்க வேண்டும். எதை? மனேஜர் மறுபடி போனில் வந்து, மீதிக் காசு அட்டவணையை முதலில் பாருங்கள் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் தலைக்கு மேலும் ஆட்கள் இருந்தார்கள். மிஸ் வாடிக்கையாளர் பெயர்கள்தான் முதலில் என்றார். மனேஜர் குரலை உயர்த்தினார். மிஸ் விளக்கம் சொல்லத் தொடங்கினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. போனை வாங்கி, யந்திரம் எங்களைக் கூப்பிடுகிறது சேர், பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் கோபத்தால் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

முழு அட்டவணையையும் எண்ணத் தேவையில்லை, அங்கொன்று இங்கொன்றாகச் சிறு பங்கைப் பார்த்து மதிப்புப் போட்டால் போதும் என்று மிஸ் முடிவெடுத்தார். கட்டளையை அடித்தார். பிறகு, நம்பமாட்டீர்கள், கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார். தம்பி கூண்டுக்குள் இருக்கிறான், இந்த மனுசி வாசிக்கிறது. ஒரு சொல்லையும் விடவில்லை. வாசித்து முடித்துத்தான் அமுக்கினார். அந்த வேளையில் தரவுத்தளத்தையும் பதிப்பையும் வாசிப்பையும் சேர்த்து நான் மனதுக்குள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

காத்திருந்தோம். நான் நகத்தைக் கடித்தேன். அவர் அசையவில்லை. கட்டளை முடிந்தது என்று திரையில் வந்தவுடன் ஒரு இலக்கத்தை அடித்துப் பார்த்தார். பெயர் வந்தது. இமைப்பதற்குள் வந்தது. “அல்ஹம்துலில்லாஹ்” என்று என் வாயில் தானாக வந்துவிட்டது.

மூன்று பேரும் கீழே ஓடினோம். ஷபீகா தன் கதிரையில் இருந்து, வந்த ஒழுங்கில் முதல் இலக்கத்தை அடிக்கப் போனாள். அந்தப் பிரிவின் விதி அதுதான், முதலில் கேட்டவருக்கு முதலில் மறுமொழி. அந்த விதியை எழுதியவரே யோசெப்பின் மிஸ்தான்.

“ஷபீகா, என்ர தம்பியை முதல்ல பாருங்கோ.”

சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். வெட்கப்படவில்லை. எனக்கு அவரில் இருந்த மரியாதை அந்தக் கணத்தில் கூடியதே தவிரக் குறையவில்லை. ஷபீகா இலக்கத்தை அடித்தாள். பெயர், விலாசம், பாவிப்பவர் தம்பி, எல்லாம் வந்தன. பொலிசுக்கு அழைப்பு எடுத்துச் சிங்களத்தில் ஒவ்வொன்றாக வாசித்தாள். மறுபக்கத்தில் இருந்த குரல் எங்களுக்கும் கேட்டது. “ஹரி மிஸ், யன்ன அரினவா.” சரி, போக விடுகிறோம்.

மிஸ் சுவரில் சாய்ந்துகொண்டார். கண்ணீர் தாரையாக ஓடியது, துடைக்கவும் இல்லை. நான் தண்ணீர் கொண்டுவரப் போகிறேன் என்ற சாட்டில் வெளியே போய், என் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால், ஷபீகாவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். மற்ற இலக்கங்களை இவர் அடித்தார், அவள் பேசினாள். ஒருவர் பின் ஒருவராக விடுபட்டுக்கொண்டே போனார்கள். கடைசி ஆளுக்கும் மறுமொழி போன பிறகு, மேலே போய் மனேஜர் கேட்ட அட்டவணைக்கும் மதிப்பு எடுத்துக் கொடுத்தோம். காசும் ஏறத் தொடங்கியது. மனேஜர் அழைத்து, புத்தாண்டு வாழ்த்துகள் என்று மட்டும் சொன்னார். நானும் வாழ்த்தினேன்.

பொழுதுபட இன்னும் நேரம் இருக்கும்போதே, வாசலில் நோபேட்டின் ஓட்டோ வந்து நின்றது. மிஸ் இறங்கிப் போன வேகத்துக்கு நானும் பின்னால் ஓட வேண்டியிருந்தது. அவன் முகத்தில் காயம் ஒன்றும் இல்லை. சேட்டு மட்டும் வியர்வையில் நனைந்திருந்தது. மிஸ் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஏசத் தொடங்கினார். ஒரு வருடமாகத் தலைவைக்காத பக்கம் இன்றைக்கு ஏன் போனாய், உனக்குப் புத்தி இருக்கிறதா என்று அவர் கேட்ட கேள்விகள் ஓய்ந்த பிறகுதான் அவன் வாய் திறந்தான்.

“பன்னிரண்டுக்கு முதல் முடியும் எண்டு நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள். பன்னிரண்டு அடிச்சாப் பிறகுதான் போனனான்.”

மிஸ் அவனுடைய கையை விட்டுவிட்டார். ஒரு வருடமாக அவனிடம் சொல்லாததை அந்த வாசலில், காவலாளிக்கும் எனக்கும் முன்னால் சொல்லத் தொடங்கினார். போன வருடம் அவன் உள்ளே இருந்த அந்த இரண்டு இரவும், தரவுத்தளத்தை மூடி வைத்திருந்தது தான்தான் என்று தொடங்கி, முடிக்க முடியாமல் நின்றார்.

“தெரியும்,” என்றான் நோபேட். “கொம்பனிக் கொம்பியூட்டர் மூடியிருக்காம் எண்டு அண்டைக்கே அவங்கள் சொன்னவங்கள். அந்தக் கொம்பியூட்டர் ஆற்ர கையில எண்டு எனக்குத் தெரியாதே?”

“தெரிஞ்சுகொண்டோ இண்டைக்குப் போனனீ?”

“இண்டைக்கு முடியும் எண்டு நீங்கள் சொல்லிப்போட்டியள். பிறகென்ன?”

அவன் அதை ஒரு பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டவருக்கு மறுமொழி சொல்வதுபோல் சொன்னான். மிஸ் அவனைப் பார்த்தபடி நின்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். காது மந்தமான காவலாளிகூடத் திரும்பிப் பார்த்தார்.

காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது போலிருக்கிறது. ஓட்டோவில் ஏறி இருந்துகொண்டு என்னைக் கேட்டார்.

“தாஸிம், இண்டைக்கு வெள்ளவத்தையில உங்கட ஆக்களின்ர சாப்பாட்டுக்கடை ஏதும் திறந்திருக்குமோ?”

இரண்டொன்று திறந்திருக்கும், ஆனால் போகிற வழியில் நோபேட்டை மறித்த அதே சாவடி இருக்கிறதே என்றேன்.

“மறிச்சால் மறிக்கட்டும். இப்ப கேட்டால் உடன மறுமொழி வரும்.”

நோபேட் ஓட்டோவைத் தெற்குப் பக்கம் திருப்பினான். காலி வீதி வெறிச்சோடிக் கிடந்ததால் அவர்கள் போவது கனதூரத்துக்குத் தெரிந்தது. நான் கீழ்மாடிக்குப் போய், ஷபீகாவுக்குப் பக்கத்தில் இருந்த வெறுங்கதிரையில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸின் பெயரில் இருந்த இலக்கத்தைக் கேட்டு அதே சாவடியில் இருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. ஷபீகா இலக்கத்தை அடித்தாள். பெயரை நான் வாசித்தேன்.